ஆய்வுகூடத்தை மூடப் போன நாள்

தொண்ணூறுகளின் நடுவில் நான் அரசாங்கத்தில் பெரிய பதவிக்கு வந்துவிட்டேன். அதற்கு முன் பல வருடங்கள் ரெக்ஸ்டேல் பக்கம் ஓர் ஆய்வுகூடத்தில் குடிதண்ணீர் பரிசோதித்த இரசாயனவியலாளர் நான். பதவி உயர்ந்து ரொறன்ரோ நகர மையத்துக்குப் போன பிறகு தண்ணீரைத் தொட்டதில்லை. தண்ணீர் பற்றிய அறிக்கைகளில் கையெழுத்து மட்டும் வைத்தேன்.

செலவைக் குறைக்கும்படி மேலிடத்து உத்தரவு வந்தது. மூடவேண்டிய இடங்களில் அந்த ஆய்வுகூடமும் ஒன்று. கூட்டத்துக்குக் கூட்டம் வாதாடினேன், எடுபடவில்லை. எழுத்தில் அறிவித்தால் போதும் என்றார்கள். நானே போய்ச் சொல்கிறேன் என்றேன்.

அங்கே மன்னார்ப் பெண் ஒருத்தி வேலை செய்தாள். முன்பு எனக்குப் பக்கத்து மேசை. மத்தியானங்களில் என் சாப்பாட்டுப் பெட்டியைக் கேளாமலே திறந்து தின்பாள். எனக்குக் குடும்பம் இல்லை. அந்த நகரத்தில் என்னை ‘அக்கா’ என்று கூப்பிட்டவள் அவள் ஒருத்திதான்.

சாப்பாட்டு அறையில் எல்லோரையும் கூட்டி விஷயத்தைச் சொன்னேன். அவள் மட்டும் கையை உயர்த்தி, கடைசி வேலைநாள் எது என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நானும் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னேன்.

பிறகு வெளியே கார்களுக்கு நடுவில் அவளைப் பிடித்தேன்.

“ஏன் என்னோடை இங்கிலிஷிலை கதைச்சனீ?”

“தமிழிலை கேட்டா அழுதிடுவன், அக்கா. பிறகு உங்களுக்கும் கரைச்சல்.”

“நான் மறிச்சுப் பாத்தனான். அவையள் கேக்கேல்லை.”

“ஓம், மறிச்சிருப்பியள்.” காரின் கதவைத் திறந்துகொண்டே சொன்னாள்: “நீங்கள் மேலை போனவுடனை எங்களுக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமோ? அங்கை எங்கடை ஆள் ஒராள் இருக்கிறா எண்டு நினைச்சம்.”

கோபமாகச் சொல்லவில்லை. அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். குளிர் காதைக் கடித்தது. கார் போன பிறகும் நான் அங்கேயே நின்றேன்.

சில மாதங்களில் அவளுக்கு பிக்கரிங்கில் ஒரு தனியார் கம்பனியில் வேலை கிடைத்தது. அதைச் சொல்ல அவளே போன் எடுத்தாள். புது வீடும் அங்கேதானாம்.

“ஒருநாளைக்கு வாங்கோவன், அக்கா.”

“வாறன்,” என்றேன்.

எந்த நாள் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பிக்கரிங் ஒன்றும் தூரமில்லை, ரயில் இருக்கிறது. ஆனாலும் நான் போகவில்லை. தேத்தண்ணீரும் பலகாரமும் தட்டத்தில் கொண்டுவந்து வைத்து, “எடுங்கோ, எடுங்கோ” என்று என்னை விருந்தாளிபோல உபசரிப்பாளோ என்று பயமாக இருந்தது.