அத்தையின் காருக்கு விழுந்த சல்யூட்

என் அத்தை காரில் ஏறி உட்கார்ந்தால் ராஜாக்களின் தேரெல்லாம் வெறும் தள்ளுவண்டி. அவள் சாவியைத் திருகினால் அடுத்த தெரு நாய்கள்கூட எழுந்து நின்று மரியாதை செய்யும். வண்டி போடும் சத்தம் அப்படி.

ஆனால் வண்டி முழுக்க அவளுடையது இல்லை. அலுப்பு அவளுடையது, மற்றதெல்லாம் கடன் கொடுத்த ஃபைனான்ஸ்காரனுடையது. அத்தை தரை துடைக்கும் ஆபீஸ் ஊருக்கு வெளியே இருக்கிறது. முதல் பஸ் கிளம்புவதற்குள் அங்கே தரை காய்ந்திருக்க வேண்டும். அதனால் வேலைக்குப் போகக் கார், காருக்குத் தவணை கட்ட வேலை. செக்குமாடாவது நடுவில் நின்று மூச்சு வாங்கும்.

பாலத்தடியில் போலீஸ் நிற்கும். பளபளக்கும் வண்டிகள் விர்ரென்று போய்விடும். அத்தையின் நசுங்கிய கதவைக் கண்டால் மட்டும் கை நீளும். புகை அதிகம், விளக்கு மங்கல், ஏதாவது ஒரு அபராதம். அதைக் கட்டினால் தவணைக்குத் துண்டு விழும்.

“இன்னொரு தவணை தவறினா வண்டியைத் தூக்கிடுவோம்மா” என்று ஃபைனான்ஸ்காரன் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். வண்டி போனால் வேலையும் போச்சு.

படிப்பைத்தான் நான் பாதியில் விட்டேன், மூளையை இல்லை. மதியம் அத்தை அசந்து தூங்கியபோது, டாக்டர்கள் வண்டியில் ஒட்டும் ஸ்டிக்கர் ஒன்றைக் காரின் முன்பக்கம் ஒட்டிவிட்டேன்.

மறுநாள் அத்தை குழம்பிப்போய் வந்தாள். “போலீஸ்காரர் எனக்கு சல்யூட் அடிச்சாருடா. பாவம், கண்ணு சரியில்ல போல.”

நான் சிரிப்பை விழுங்கினேன். அதற்கடுத்த நாள் அதே போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி ஜன்னல் பக்கம் குனிந்தாராம். “டாக்டரம்மா, நெஞ்சு ஒரே எரிச்சலா இருக்கு.”

அத்தை “வெறும் வயித்துல நிக்காதீங்க சார்” என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டாள்.

வந்ததும் வாசலிலேயே குத்தவைத்து உட்கார்ந்து நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டினாள். “ஏன்டா, மாட்டியிருந்தா அபராதத்தோட போகுமா? என்னைப் பிடிச்சு உள்ளே வெச்சிருப்பாங்க.”

“நாளைக்கு மறுபடியும் நிறுத்துவாங்களே அத்தை.”

“நிறுத்தட்டும். இறங்கி நிக்கிறேன். புதுசா என்ன?”

“சும்மா விளையாட்டுக்குத்தான் ஒட்டினேன்” என்றேன்.

அத்தை சுரண்டுவதை நிறுத்தினாள்.

“விளையாட்டுக்கு ஒட்டினவன் அன்னிக்கே காரையும் சீட்டுக்கு அடி வரைக்கும் எதுக்குடா துடைச்சே? துடைக்கிறதே என் பொழப்பு, எனக்குத் தெரியாதா?”