எனக்கு வராத காமாலை

சட்டக் கல்லூரியில் முதல் வருடம் முடிந்தபோது அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. படிப்பை விட்டுவிட்டு ஆரணிக்கு வந்து, ஒரு வருடம் அவருடைய பட்டுத் தறியில் உட்கார்ந்தேன். மறுபடி சேர விண்ணப்பித்தபோது, படிக்காத வருடத்துக்குக் காரணம் எழுதி நானும் அப்பாவும் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரம் கேட்டார்கள்.

அப்பாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நோட்டரி வக்கீலிடம் போய், நடந்ததைச் சொன்னேன்.

“அப்பாவுக்கு முடியலன்னு போட்டா திருப்பி அனுப்பிடுவாங்கம்மா. உனக்கே மஞ்சக்காமாலன்னு போட்டுடலாம். எல்லாருக்கும் அதான் போட்டுகினு இருக்கேன்.”

“எனக்கு ஒண்ணும் வரலிங்களே சார்.”

“ஜல்தியா சொல்லும்மா. சீட்டு வேணுமா, வேணாமா?”

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார்; வெறும் சத்தம்தான் வந்தது. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு டைப்பிஸ்ட் தட்ட ஆரம்பித்தார். எனக்கு ஆத்திரத்தில் காது சுட்டது. ஆனாலும் ‘மேற்கண்டவை அனைத்தும் உண்மை’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

கல்லூரி அலுவலகத்தில் அதைப் படித்துக்கூடப் பார்க்காமல் என் பழைய விண்ணப்பத்தோடு சேர்த்துக் கோத்துவிட்டார்கள். பழையதில் அப்பா சுழித்துச் சுழித்துப் போட்ட கையெழுத்து இருந்தது. எனக்குத்தான் உடம்பு சரியில்லை என்று சொன்ன புதிய தாளில், அவருடைய இடது கட்டைவிரல் ரேகை இருந்தது.