காலியா, வரலையா?

அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது, கம்ப்யூட்டர் திரையின் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டு நிற்கும் அவருடைய விரல்தான். திரையின் கீழ்ப்பாதியில் ஒன்றுமே எழுதாத வெள்ளைக் கட்டம். அதன் மேல் விரலை வைத்து, "இது காலியா, இல்ல வரலையாம்மா?" என்று கேட்டார். கேள்வி புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கட்டம் நிஜமாகவே காலியா, இல்லை விவரம் வந்து சேரவில்லையா என்று கேட்கிறார்.

அவர் எனக்குக் கூடப்பிறந்தவர் இல்லை. திருவண்ணாமலையில் செங்கம் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் இருந்த லாட்ஜின் மேனேஜர். ஊரே அக்கா என்றுதான் கூப்பிட்டது, நானும் அப்படியே கூப்பிட்டேன். அடி அண்ணாமலையில் மணிலாக் கடலை பயிரிடும் குடும்பத்தில் பிறந்து, பி.காம். முடித்து, அந்த லாட்ஜில் போன் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்து, மேனேஜர் நாற்காலிக்கு வந்தவர். ஆந்திராவிலிருந்து வருகிறவர்களிடம் தெலுங்கில் பேசுவார். கோபமாக வந்தவர்கூட அவரிடம் இரண்டு வார்த்தை பேசியதும் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். நான் அப்போது வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸுக்குப் பின்னால் இருந்த ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தேன். அந்த லாட்ஜில் ரூம் போடுவதும் பில் அடிப்பதும் நாங்கள் எழுதிக் கொடுத்த மென்பொருளில்தான் நடந்தது.

நேரில் வந்து ரூம் கேட்பவர்களின் விவரம் எங்கள் மென்பொருளில் இருக்கும். ஆன்லைனில் பதிவு செய்கிறவர்களின் விவரம் அதில் இருக்காது. அது வெளியூரில் இருந்த ஒரு புக்கிங் நிறுவனத்தின் டேட்டாபேஸில் இருந்தது. அக்கா இரண்டு கம்ப்யூட்டரை அருகருகே வைத்துக்கொண்டு, ஒன்றில் அதையும் மற்றதில் இதையும் பார்த்துப் பார்த்து ரூம் கொடுத்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு குறையும் வரவில்லை. ஆனால் லாட்ஜ் முதலாளி வேறொரு ஊரில் எல்லாம் ஒரே திரையில் தெரிவதைப் பார்த்துவிட்டு வந்தார். நமக்கும் அப்படி வேண்டும் என்றார். வேலை என்னிடம் வந்தது.

ரூம் கொடுக்கும் படிவத்தின் கீழே ஒரு கட்டம் வைத்தேன். படிவத்தைத் திறக்கும்போதெல்லாம் அது புக்கிங் நிறுவனத்தின் டேட்டாபேஸைக் கேட்டு, அன்றைக்கு வருகிறவர்களின் பெயரையும் ரூம் நம்பரையும் வாங்கிக் காட்டும். காட்டுவதோடு சரி, எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது. விருந்தாளிகளின் விவரத்தை வேறெங்கும் சேமிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் கண்டிப்பாக எழுதியிருந்தார்கள். முதல் நாள் பெயர்கள் வரிசையாக வந்து நின்றதைப் பார்த்து முதலாளி என் தோளைத் தட்டினார். மறுநாளே இரண்டாவது கம்ப்யூட்டரைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். புக்கிங் நிறுவனத்தின் தளத்துக்குள் போகும் லாகினும் அவருடைய போனுக்கே போனது. அக்காவுக்கு மிஞ்சியது அந்தக் கட்டம் மட்டும்தான்.

கொஞ்ச நாளில் அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டார். சில நேரம் கட்டம் வெறுமையாக இருக்கிறது, கொஞ்சம் கழித்துப் பார்த்தால் பெயர்கள் இருக்கின்றன என்றார். நான் உட்கார்ந்து தோண்டினேன். நெட் போய்விட்டால் எங்கள் மென்பொருள் பிழை என்று சொல்லும், அதை நான் எழுதியிருந்தேன். ஆனால் அந்தப் பக்கம் கூட்டம் ஜாஸ்தியாகி அவர்களுடைய கம்ப்யூட்டர் திணறும்போது, அது பிழை என்று சொல்லாமல், எல்லாம் சரி, இன்றைக்கு யாரும் பதிவு செய்யவில்லை என்று பதில் அனுப்பியது. யாரும் வராத நாளிலும் அதே பதில்தான். இரண்டுக்கும் ஓர் எழுத்து வித்தியாசம் கிடையாது.

அவர்களுக்கு எழுதினேன். உங்கள் பக்கம் பாருங்கள் என்றார்கள். பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன் என்று படம் எடுத்து அனுப்பினேன். புகார் தீர்க்கப்பட்டது என்று பதில் வந்தது. போன் செய்தால் ஒவ்வொரு முறையும் வேறொரு குரல், ஒவ்வொரு குரலுக்கும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். கடைசியாக வந்த பட்டியலை நாமே பத்திரப்படுத்தி, அது வந்த நேரத்தோடு காட்டலாமே என்று எங்கள் எம்.டி.யிடம் கேட்டேன். ஒப்பந்தத்தை மீறினால் இணைப்பையே துண்டித்துவிடுவார்கள், கை வைக்காதே என்றார். முதலாளியிடம் லாகினை அக்காவுக்குத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். "அப்பறம் உங்க ஸ்கிரீன் எதுக்கும்மா?" என்று கேட்டார். எங்கே போய் முட்டினாலும் சுவராக இருந்தது.

அக்கா தனக்குத் தெரிந்த வழியில் சமாளித்தார். ஒரு பௌர்ணமியன்று கட்டம் வெறுமையாக இருந்ததை நம்பாமல், நேரில் வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு ரூம்களைக் காத்து வைத்திருந்தார். அன்றைக்கு உண்மையிலேயே ஆன்லைனில் யாரும் பதிவு செய்திருக்கவில்லை. கிரிவலக் கூட்டம் தெருவில் பாய் விரித்துப் படுத்திருக்க, லாட்ஜில் ரூம்கள் பூட்டிக் கிடந்தன. காலையில் முதலாளி வேலைக்காரர்கள் எல்லோர் முன்னாலும் அவரைத் திட்டினார். திரையில் இருப்பதைப் பார்த்து ரூம் கொடுக்கத் தெரியாதா என்று கேட்டாராம். இதை அக்கா என்னிடம் சொன்னபோது குரல் உயரவில்லை. ரப்பர் வளையம் ஒன்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த பௌர்ணமியிலும் கட்டம் வெறுமையாகவே இருந்தது. அக்கா முதலாளிக்குப் போன் செய்து பார்த்தார். அவர் அன்னதானப் பந்தலில் இருந்தார், எடுக்கவில்லை. எனக்குச் செய்தார். நான் ஆபீஸிலிருந்து திறந்து பார்த்தாலும் அதே வெள்ளைதான். "என்னம்மா பண்றது?" என்றார். தெரியவில்லை அக்கா, நான் வருகிறேன் என்றேன். வேங்கிக்காலிலிருந்து வரும் வழியெல்லாம் பஸ்ஸைத் திருப்பிவிட்டிருந்தார்கள். ஆட்டோவும் கிடைக்காமல் கூட்டத்தோடு நடந்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் அக்கா ரூம்களை நேரில் வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டிருந்தார்.

பின்மதியத்தில் அவர்கள் வந்தார்கள். கையில் போனோடு, பதிவு உறுதி என்ற செய்தியோடு, ஒரு குடும்பத்துக்குப் பின்னால் இன்னொரு குடும்பம். நெல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருவருக்குக் காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது, வாக்கரைப் பிடித்துக்கொண்டு கவுண்டர் முன்னால் நின்றார். அவருடைய மகன் தெலுங்கில் கத்தினான். அக்கா அவனைத் தடுக்கவே இல்லை. முழுவதும் கத்தி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, தவறு எங்களுடையது என்று தெலுங்கில் சொன்னார். எங்களுடையது என்றபோது நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார். படிவத்தைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். கட்டம் நிறைந்திருந்தது. எல்லாப் பெயரும், எல்லா ரூம் நம்பரும், எழுத்துப் பிசகாமல்.

"எல்லாம் இருக்குதே. நீ பாக்கலியா?" என்றார் அக்காவைப் பார்த்து.

காலையிலிருந்து இது வெறுமையாகத்தான் இருந்தது, நானே பார்த்தேன் என்றேன். அப்படியானால் அதைக் காட்டு என்றார். காட்ட என்ன இருக்கிறது? இருந்த பதற்றத்தில் திரையைப் படம் எடுத்து வைக்க இருவருக்குமே தோன்றவில்லை. எதையும் எடுத்து வைக்கக் கூடாது என்றுதானே அதைச் செய்திருந்தோம். ரெண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு சொல்கிறீர்களா என்று கேட்டுவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அக்கா போனை எடுத்து அடி அண்ணாமலையில் இருந்த தன் தம்பி பெண்டாட்டியிடம் பேசினார். மாடியைக் கூட்டி வைக்கச் சொன்னார். பக்கத்து வீட்டிலும் கேட்கச் சொன்னார். ஆட்டோக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தடுப்பு போடாத வழியைச் சொல்லி, ஒவ்வொரு குடும்பமாக ஏற்றி அனுப்பினார். கால் முடியாதவரைத் தன்னுடைய மேனேஜர் ரூமில் படுக்க வைத்தார். கடைசி ஆட்டோ போனதும் சாவிக்கொத்தை முதலாளியின் முன்னால் வைத்தார்.

"நாளையிலேருந்து வேற ஆள பாத்துக்குங்க சார். வெறும் கட்டத்துக்கு நான் பதில் சொல்ல முடியாதுங்க."

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு படி இறங்கியபோது தெருவில் கூட்டம் நகர்ந்துகொண்டிருந்தது. நான் பின்னாலேயே ஓடினேன். அதற்குள் கூட்டத்தோடு போய்விட்டார்.

பல மாதம் கழித்து புக்கிங் நிறுவனம் எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பியது. இனிமேல் அவர்கள் பக்கம் திணறினால் அதைத் தனியாகத் தெரிவிப்பார்களாம். சேவையை மேம்படுத்தியிருக்கிறோம் என்று பெருமையாக எழுதியிருந்தார்கள். நான் படிவத்தைத் திறந்து, அந்தத் தகவல் வந்தால் "விவரம் வரவில்லை" என்று சிவப்பில் காட்டும்படி மாற்றினேன். ஒரு டீ குடிக்கும் நேரத்து வேலை. லாட்ஜில் இப்போது இருக்கும் மேனேஜர், சிவப்பு வந்தால் யாருக்கும் ரூம் கொடுப்பதில்லை. அவரை யாரும் திட்டுவதும் இல்லை. அந்த மின்னஞ்சலை அச்செடுத்துக் கொண்டுபோய் முதலாளியிடம் காட்டினேன். அன்றைக்கு அக்கா சொன்னதுதான் நிஜம், இதோ அவர்களே ஒத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். அவர் பாதி படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த வாரமே அடி அண்ணாமலைக்குப் போனேன். கிரிவலப் பாதையில் ஒரு சின்னக் கடை போட்டிருந்தார் அக்கா. தண்ணீர் பாட்டில், பிஸ்கட், கற்பூரம். எனக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டார். மின்னஞ்சலில் இருந்ததைச் சொன்னேன்.

"முதலாளிகிட்ட சொன்னியாம்மா?"

"சொன்னேன்க்கா."

"என்ன சொன்னாரு?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "அதான் சரியாயிடுச்சே, விடும்மான்னாரு."

அக்கா ஒரு பாட்டிலை எடுத்து, அதன் மேல் படிந்த தூசியைத் துணியால் துடைத்து, மறுபடி அதே இடத்தில் வைத்தார்.

"எது சரியாச்சாம்?" என்று கேட்டார்.