நிரப்பிக் கொடுத்த போத்தல்கள்

என் மனைவி வாவித் தண்ணீரை ஆராய்ச்சி செய்தாள். அந்த ஆராய்ச்சியைச் சுமந்தவன் நான். இப்படிச் சொன்னால் அவள் விடமாட்டாள், "சுமந்தது மோட்டார் சைக்கிள்" என்பாள். அதுவும் சரிதான்.

நாங்கள் செட்டிபாளையத்தில் இருக்கிறோம். வீட்டிலிருந்து ஒரு பக்கம் நடந்தால் கடல், மறுபக்கம் நடந்தால் கடலோடு சேரும் வாவி. நான் தண்ணீர்ப் பம்பு திருத்துகிறவன். அவள் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர், ஆனால் நிரந்தரமாகவில்லை. குறித்த காலத்துக்குள் ஆய்வேட்டைக் கையளித்துப் பட்டமேற்படிப்பை முடித்தால்தான் வேலை நிலைக்கும். அந்த ஆய்வேட்டுக்காக எங்கள் பிரிட்ஜில் ஒன்றரை வருடம் மீன் வைக்க இடமில்லை. கதவைத் திறந்தால் மேல்தட்டு முதல் கீழ்த்தட்டு வரை போத்தல்கள். ஒருநாள் வீட்டுக்கு வந்த என் மச்சான் தாகத்துக்கு ஒன்றை எடுத்து மூடியைத் திருகிவிட்டார். அவள் குசினியிலிருந்து ஓடி வந்த வேகத்தைப் பார்த்து, உள்ளே நஞ்சுதான் இருக்கிறது என்று மனிதர் பயந்துபோனார்.

அவள் தேடிய விடயம் கேட்பதற்கு எளிது. வாவியின் மேற்குப் பக்கத்தை நாங்கள் படுவான்கரை என்போம். அங்கே வாவியை ஒட்டினாற்போல் ஒரு வட்டை இருக்கிறது, பெரிய வயல்வெளி. வெயில் காலத்தில் உப்புத்தண்ணீர் ஏறி வந்து வயலைக் கெடுக்கிறது, ஒரு தடுப்பணை கட்டித் தாருங்கள் என்று வெள்ளாமைக்காரர்கள் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் இருந்தவர்களோ, வாயால் சொன்னால் போதாது, இலக்கம் வேண்டும் என்றார்கள். வாவியில் உப்பு எந்த மாதம் எவ்வளவு தூரம் ஏறுகிறது என்பதுதான் அவளுடைய ஆய்வு. ஆகவே அவளுடைய இலக்கத்துக்காக வட்டையும் காத்திருந்தது, கச்சேரியும் காத்திருந்தது.

அவள் வேலை செய்யும் விதத்தைப் பார்த்து எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. பேனா மை தண்ணீர் பட்டால் கரையும் என்று குறிப்புக் கொப்பியில் பென்சிலால்தான் எழுதுவாள். ஒருமுறை மூடியின் உட்புறத்தில் விரல் பட்டுவிட்டதென்று, பாதி வழி வந்தபிறகு வண்டியைத் திருப்பச் சொன்னாள். "ஆருக்குத் தெரியப்போகுது?" என்றேன். தலைக்கவசத்தை மறுபடி போட்டுக்கொண்டாள். தண்ணீர் எடுத்த நேரம், காற்று வீசிய பக்கம், முந்தின நாள் மழையா வெயிலா எல்லாம் அந்தக் கொப்பியில் ஏறும். "எருமைகள் நான்கு, தண்ணீர் குடித்தன" என்று ஒருநாள் எழுதியிருந்தாள்.

"எருமைக்கும் பட்டம் குடுக்கப் போறியா?" என்று கேட்டேன்.

"எரும நிண்டதும் தரவுதான்" என்றாள், தலையை நிமிர்த்தாமலே.

என் தொழிலிலும் இப்படி ஒருவன் வேண்டும் என்று அப்போது நினைத்தேன். பம்பு ஓடினால் போதும், ஏன் ஓடுகிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவள் கேட்பாள். சரியாக ஓடினாலும் கேட்பாள். அவளைப்போல ஒருத்தியின் பின்னால் கூடை சுமந்து போவது எனக்குப் பெருமையாகவே இருந்தது, வெளியே சொல்லவில்லை என்பதைத் தவிர.

வெயில் காலம் தொடங்கியபோது அவளுக்கு வார இறுதி வகுப்புகள் வந்து சேர்ந்தன. மற்ற இடங்களுக்கு வேறு நாட்களில் போய் வந்தாள். வட்டை வாவியைத் தொடும் வட்டையடி மட்டும் தூரம். அதை என்னிடம் தந்தாள். போத்தலை மூன்று முறை வாவித் தண்ணீரிலேயே அலசு, முழங்கால் ஆழத்தில் எடு, மூடியின் உட்புறத்தைத் தொடாதே என்று எல்லாம் சொல்லித் தந்தாள். வீட்டுக்கு வந்து கிணற்றுத் தண்ணீர் ஊற்றாதே என்று மட்டும் சொல்லவில்லை. சோற்றில் மண் போடாதே என்று யாராவது சொல்லிக் கொடுப்பார்களா?

நடந்தது இதுதான். வட்டையடியிலிருந்து பாலம் வரை கல்லும் குழியுமான கிறவல் றோட்டு. மூடிகளோ பழசு. வீட்டுக்கு வந்து கூடையை இறக்கினால் அநேகமான போத்தல்கள் ஒழுகியிருக்கும். ஒன்றில் இரண்டு விரல் குறைவு, ஒன்றில் பாதிதான் மிச்சம். எங்கள் பக்கத்தில் நல்ல காரியம் என்றால் வாசலில் நிறைகுடம் வைப்போம். குறைப் பாத்திரத்தைக் கொண்டுபோய் ஒருவர் கையில் கொடுப்பது எனக்குக் கூசும். கிணறு பக்கத்திலேயே இருந்தது, எங்கள் கிணற்றுத் தண்ணீர் ஊரிலேயே நல்ல தண்ணீர். கழுத்து வரை நிரப்பி, வெளியே துடைத்து, பிரிட்ஜில் அடுக்கிவைத்தேன். மாலையில் அவள் வந்து பார்த்து, "நல்லா எடுத்திருக்கிறீங்க" என்று சொல்லும்போது எனக்கு உச்சி குளிரும். அந்த வெயில் காலம் முழுக்க இதையே செய்தேன்.

பிறகு இலக்கங்கள் எல்லாம் அட்டவணையில் ஏறின. வட்டையடியில் வெயில் காலத்திலும் உப்பு அதிகமில்லை என்று வந்தது. உன்னிச்சைக் குளத்திலிருந்து கசிந்து வரும் தண்ணீர் உப்பைத் தடுக்கிறது போலும் என்று ஆய்வேட்டில் ஒரு விளக்கமும் எழுதினாள். கச்சேரித் திட்டமிடல் அதிகாரிக்கு மகிழ்ச்சி. அணைக்கு இப்போது அவசரமில்லை என்று ஆகிவிட்டதல்லவா? அடுத்த கூட்டத்தில் அவள் இதை வாசித்தால் விடயம் முடிந்துவிடும்.

கூட்டத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது அவளுடைய நண்பி வீட்டுக்கு வந்தா. காத்தான்குடிக்காரி, கலைப்பீடத்தில் மொழி படிப்பிக்கிறவ. தண்ணீரைப் பற்றிச் சனங்கள் எப்படிப் பேசுகிறார்கள், என்ன சொற்கள் வைத்திருக்கிறார்கள் என்று வாவிக்கரை முழுக்கப் போய்ப் பதிவு செய்துகொண்டிருந்தா. தண்ணீரை அளப்பவள் ஒருத்தி, தண்ணீரின் பேச்சை அளப்பவள் ஒருத்தி, நல்ல சோடி என்று நான் இருவரையும் பகிடி பண்ணுவேன். அன்று அவ தேத்தண்ணியைக் கூடத் தொடாமல் கைத்தொலைபேசியை எடுத்தா.

"இந்த வட்டைக்காரர் சொல்றத ஒருக்காக் கேளுங்க. நீங்க தண்ணி எடுத்த அதே கிழமதான்."

ஒரு வயதான குரல் கேட்டது. "உப்புக் கரிக்குது புள்ள. வாயில வைக்க ஏலா. எரும கூட மோந்து பாத்துப்போட்டுக் கிறுகிப் போகுது."

"வெள்ளாமைக்காரன் எப்பதான் நல்லம் எண்டு சொல்லியிரிக்கான்?" என்றேன் நான். வேறு யாராக இருந்தாலும் இதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு அட்டவணையை மூடியிருப்பார்கள். கையில் கருவி இருக்கிறது, பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

அவள் தலையாட்டவில்லை. "மனிசன் கூட்டிச் சொல்லலாம். எரும எதுக்குக் கூட்டிச் சொல்லுது?" என்றாள்.

அடுத்த நாள் ஆய்வுகூடத்துக்குப் போய், உப்பு அளக்கும் கருவியைத் தானே கலந்த உப்புத்தண்ணீரில் வைத்துச் சோதித்தாள். கருவியில் பிழையில்லை. கொப்பியைப் புரட்டினாள். வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டாள்: "நீங்க எடுத்த போத்தல்கள்ல ஏதும் நடந்ததா?"

"ஒண்டும் நடக்கல்லயே."

பொய் சொல்லவில்லை. நிரப்பியதை ஒரு சம்பவமாக நான் நினைத்திருக்கவேயில்லை. மறுநாள் காலை, அவள் வேலைக்குக் கொண்டுபோகும் குடிதண்ணீர்ப் போத்தலைக் கழுத்து வரை நிரப்பி மூடியைத் திருகும்போதுதான் என் கை நின்றது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அந்தக் குரங்கு என் கையில் இருந்தது.

சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது. ஞாயிறு காலை, அவள் மேசையில் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இஞ்ச, ஒரு விசயம்" என்றேன். "அந்தப் போத்தல்கள் வழியில ஒழுகினது. நான் கிணத்துத் தண்ணி ஊத்தி நிரப்பித்தான் வெச்சன்."

அவள் கத்தவில்லை. பென்சிலை எடுத்தாள்.

"எத்தின போத்தல்?"

"தெரியா."

"எந்த மாசம்?"

"எல்லா மாசமும்தான்."

"எதுக்கு எவ்வளவு ஊத்தின நீங்க?"

"தெரியா புள்ள. தெரியா."

பென்சில் தாளில் படாமலே நின்றது. எவ்வளவு என்று தெரிந்திருந்தால் கணக்குப் போட்டுத் திருத்தியிருப்பாள். தெரியாததைத் திருத்த முடியாது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்துவிட்டேன். அவள் கண் நிறைந்ததைப் பார்க்க முடியாமல், "ஒருத்தருக்கும் தெரியாதே. கூட்டம் முடியட்டும், மறுகா பாப்பம்" என்று உளறினேன்.

"எருமைக்குத் தெரியுமே" என்றாள். பகிடியாகச் சொல்லவில்லை. கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "நாளைக்கு என்னக் கச்சேரியில கொண்டு விடுங்க."

கூட்டத்தில் கடைசி வரிசையில் எனக்கும் ஒரு கதிரை கிடைத்தது. அவள் எழுந்து, வட்டையடியின் வெயில் கால இலக்கங்களை நம்ப முடியாது, போத்தல்களில் வேறு தண்ணீர் கலந்துவிட்டது, உப்பு ஏறவில்லை என்று தான் எழுதியது பிழை என்றாள். சுற்றி வளைக்கவில்லை.

"ஆர் பாத்த வேலை இது?" என்று கேட்டார் அதிகாரி.

"மாதிரி எடுக்கிற பொறுப்பு என்ட, சேர். பிழையும் என்ட."

நான் எழும்பியிருக்க வேண்டும். எழும்பவில்லை. அதை இங்கே எழுதி வைக்கிறேன், பேனாவால்தான்.

அதிகாரி கெட்ட மனிதரல்ல. மற்ற மாதங்கள் சரிதானே, அவற்றை வைத்து முடித்துவிடலாமே என்று வழிகூடக் காட்டினார். அவள் மறுத்தாள். "கேள்வியே வெயில் காலத்தப் பத்தித்தான் சேர். உப்பு ஏறுதா இல்லயா எண்டு எனக்கு இப்ப தெரியா. இன்னும் ஒரு வெயில் காலம் தாங்க."

தெரியாது என்று சொல்வதற்கு ஒருவர் அத்தனை படித்திருக்க வேண்டும் என்று எனக்கு அன்றுதான் விளங்கியது. நானென்றால் பம்புக்காரன், தெரியாவிட்டாலும் திருகாணியைத் திருகிக்கொண்டு நிற்பேன். நண்பி எழுந்து அந்த எருமைப் பதிவை எல்லோருக்கும் போட்டுக் காட்டினா. அணையைக் கைவிடும் முடிவை ஒத்திவைத்தார்கள்.

அதற்கு அவள் கொடுத்த விலை சின்னதல்ல. ஆய்வேடு ஒரு வருடம் தள்ளிப்போனது. அவளுக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர்கள் முன்னால் நிரந்தரமானார்கள். "புருசன ஆராய்ச்சி உதவியாளரா வெச்சா இப்பிடித்தான்" என்று யாரோ சிரித்ததாகவும் கேள்விப்பட்டேன். அவள் அந்தப் பழைய அட்டவணையைக் கிழித்துப் போடவில்லை. வட்டையடி வரிகளின் மேல் ஒரு கோடிழுத்து, கலப்பு நேர்ந்தது, பயன்படுத்தவில்லை என்று குறிப்பெழுதி ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அப்படியே வைத்தாள்.

அடுத்த வெயில் காலத்தில் கூடையை மறுபடியும் என் கையில் தந்தாள். புது மூடிகள், ஒரு கொப்பி, ஒரு பென்சில்.

"என்னயா அனுப்பப் போற?" என்று கேட்டேன்.

"இந்தப் பிழைய இனிச் செய்யாத ஆள் ஊரில நீங்க ஒராள்தான்."

அந்த வெயில் காலத்தில் எடுத்த இலக்கங்கள் என்ன சொல்லின என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எருமை சொன்னதைத்தான் சொல்லின. உப்பு வட்டை விளிம்பு வரை ஏறுகிறது. அணைக்கான கடிதம் மேலே போயிருக்கிறது. ஆய்வேட்டைக் கையளித்துவிட்டாள், நிரந்தரக் கடிதத்தை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் எனக்கு மறக்காதது அந்தப் பருவத்தின் முதல் சனிக்கிழமை.

வட்டையடியில் இரண்டு எருமைகள் கரைக்கு வந்து, மோந்துவிட்டுத் திரும்பிப் போயின. "எருமை இரண்டு, குடிக்கவில்லை" என்று எழுதினேன். வீட்டுக்கு வந்து கூடையை இறக்கினால், புது மூடி போட்டும் ஒரு போத்தல் ஒழுகியிருந்தது. கிணற்றடியில் வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. சிறிது நேரம் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு, "ஒரு போத்தல் மூன்று விரல் குறைவு" என்று எழுதி, குறைப் போத்தலைக் குறையாகவே கொண்டுபோய் அவளிடம் நீட்டினேன். கை கூசியது.

அவள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். என் கொப்பியையும் பார்த்தாள்.

"இது பழுதா? எறியவா?" என்றேன்.

"ஏன் எறியிறீங்க? குறைஞ்சா என்ன, அரைப் போத்தலிலயும் அதே உப்புத்தானே" என்று சொல்லிப் பிரிட்ஜைத் திறந்தாள்.

அப்படியென்றால் போன வருடம் ஒழுகிய போத்தல்கள் எல்லாம், பாதியாக இருந்ததுகூட, அப்படியே கொடுத்திருந்தால் சரியாக இருந்திருக்கும். நான் சும்மா இருந்திருந்தாலே போதும். ஒரு வருடம் வீணாகியிருக்காது. இது அவளுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையே தெரிந்திருக்கும்.

"ஏன் அண்டைக்கே இதச் சொல்லல்ல?" என்று கேட்டேன்.

அவள் போத்தலை முன்வரிசையில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"அண்டைக்குச் சொல்லியிருந்தா நீங்க தாங்கியிருக்க மாட்டீங்க."