மஹ்ரம் இல்லாத ஆறு நாள்

இத்தா முடிந்த மறுநாள் காலையிலேயே என் மூத்த சகோதரர், நானா, வந்துவிட்டார். கணவர் மௌத்தாகி நாலு மாதமும் பத்து நாளும் நான் வாசற்படி இறங்கவில்லை. அது மார்க்கம். அதில் எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. ஆனால் நானா கதிரையில் உட்கார்ந்து ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் என் மிச்ச ஆயுளையும் இத்தாவாக்கிவிட்டார். எத்தாளையில் இருக்கும் என் வீட்டைப் பூட்டுவதாம். மதுரங்குளியில் அவருடைய வீட்டுப் பின்னறையில் நான் இருப்பதாம். வாசலில் நிற்கும் வேனை விற்பதாம். பின்னறைக்குப் பெயின்ட் அடித்து, ஃபேனும் பூட்டியாயிற்று. உடுப்பு அடுக்க எனக்கு ஒரு கிழமை, ஏழே நாள், தவணை.

நானா கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் என் வேலை சுலபம். வாப்பா போன பிறகு எங்களை வளர்த்தவர் அவர்தான். அன்பாகக் கையைப் பிடித்து இழுக்கும் ஒருவரிடமிருந்து கையை உருவிக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். எனக்கும் கணவருக்கும் பிள்ளைகள் இல்லை. ஐம்பத்திரண்டு வயதில் தனி வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு ஊர் ஒரே ஒரு பெயர்தான் வைத்திருக்கிறது: பாவம். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வேனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கணவர் இருபது வருஷம் கற்பிட்டி வெங்காயத்தை அதில்தான் தம்புள்ளைச் சந்தைக்கு ஏற்றினார். முதுகு சரியில்லாமல் போனதும் தொழிலை விட்டார். பிறகு நாங்கள் இரண்டு பேருமாக அதற்குள் பலகைக் கட்டில் அடித்தோம். காஸ் அடுப்பு வைத்தோம், தண்ணீர்க் கேன் வைத்தோம், பூப்போட்ட சீத்தைத் துணியில் திரை தைத்தேன். மலைநாட்டுக்குப் போய் அங்குள்ள குளங்களின் கரையில் தங்கிவிட்டு, காட்டுப் பாதையால் யானை பார்த்துக்கொண்டு திரும்புவது எங்கள் திட்டம். முதுகுக்காரர் எத்தனை தூரம் ஓட்டுவார் என்று நானும் பழகி லைசென்ஸ் எடுத்திருந்தேன். புறப்பட இரண்டு கிழமை இருக்கும்போது அவருடைய நெஞ்சு நின்றுவிட்டது.

ஆகவே நானா தந்த கிழமையில் உடுப்பு அடுக்கினேன், வேனுக்குள். அதைக் கேள்விப்பட்டு மறுபடி வந்தார்.

"மஹ்ரம் இல்லாம பொம்புளயொருத்தி மலைக்கு வேன் ஓட்டிப் போறதா? கூட வர சொந்தத்துல ஒரு ஆம்புள இல்ல. ஒரு கீறல் உழுந்தாலும் பேச்சு முடிஞ்சிச்சு. சாவிய என்ட கையில தந்திட்டு என்ட ஊட்டுக்கு வந்து சேரணும்."

"ஓம் நானா," என்றேன். "ஒரு கீறலும் உழாட்டி என்ட ஊடு எனக்குத்தான்."

அவர் பதில் சொல்லவில்லை. நிக்காஹுக்குக் கேட்கும்போது பெண் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். நானாவின் மௌனத்தை நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

துணைக்குக் கணவரின் ராத்தா, என் மதினி, வந்தார். தேசிக்காய், இஞ்சி, சித்தாலேப தைலம் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டிக்கொண்டு முன்சீட்டில் ஏறி, பிஸ்மில்லாஹ் சொல்லிக் கண்ணை மூடியவர் குருநாகல் போகும்வரை திறக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் மேடு என்று இருப்பது வேகத்தடை மட்டும்தான். ஆகவே கினிகத்தேனை வளைவுகளில் நான் பிரேக்கை மிதித்த மிதியில் வேன் கருகி மணத்தது. தேத்தண்ணிக் கடை முதலாளி ஓடிவந்து, இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு ரெண்டாம் கியரில் விடச் சொன்னார். சொல்லிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்து, "ட்ரைவர் கோ?" என்றார். சிங்களத்தில் டிரைவர் எங்கே என்று அர்த்தம். வழியில் பெற்றோல் செட்டில் கேட்டார்கள், பொலிஸ்காரர் கேட்டார், வாகனம் நிறுத்தும் இடத்தில் டிக்கெட் கிழிப்பவர் கேட்டார். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருப்பவள் யாருடைய கண்ணிலும் படவில்லை. "மம தமய்", நான்தான் என்று சொல்லிச் சொல்லி, நாலாவது தடவை அதைச் சொல்வதில் எனக்கு ஒரு ருசியே வந்துவிட்டது.

காசல்ரீ குளத்தின் கரையில் வேனை நிறுத்தினோம். சுற்றிவரத் தேயிலை, நடுவில் கரும்பச்சைத் தண்ணீர். தொழுகைக்காக அதில் கைகால் கழுவி வுளூச் செய்தபோது விரல்கள் விறைத்துப் போயின. முசல்லாவை விரித்து, இரண்டு பேரும் பயணத் தொழுகையாக நண்பகல் லுஹரைச் சுருக்கித் தொழுதோம். கணவர் போன பிறகு மனம் அலையாமல் தொழுதது அன்றுதான். தண்ணீருக்கு முன்னால் நின்றதாலோ என்னவோ, வீட்டில் நின்றது மாதிரியே இருந்தது.

பின்னேரம் அஸருக்கு மறுபடி முசல்லாவை விரித்தபோது மதினி என் தோளைத் தொட்டார். வெயில் எங்கள் முதுகில் அடித்தது. பின்னேர வெயில் முதுகில் அடித்தால் நாங்கள் கிழக்கே பார்த்து நிற்கிறோம்.

எங்கள் ஊரில் தொழும் திசையான கிப்லா மேற்கே, கடல் பக்கம். பிறந்ததிலிருந்து தண்ணீரைப் பார்த்துத்தான் நிற்கிறோம். யாரும் யோசிப்பதில்லை, கால் தானாகத் திரும்பும். அங்கேயும் கால் தானாகத் திரும்பிவிட்டது, தண்ணீர் எந்தத் திசையில் கிடக்கிறது என்று பார்க்காமல். கையில் இருந்த போனிலேயே கிப்லா காட்டும். அதைத் தட்டிப் பார்க்கவும் தோன்றவில்லை. மதினி வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அந்தக் கையைத் தாண்டி ஒரு சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. அவர் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது இதற்குத்தான், அல்லாஹ் மன்னிக்கட்டும்.

"நானாவுக்குச் சொல்லிராத புள்ள," என்றார் மதினி. "ஆம்புள இல்லாமப் போனா கிப்லாவே தவறுமெண்டு ஊரெல்லாம் சொல்லுவாரு."

சொல்வார்தான். ஆனால் எத்தாளை ஆண்கள் பத்துப் பேரைக் கொண்டுபோய் அந்தக் கரையில் நிறுத்தினால் பத்துப் பேரும் தண்ணீரைப் பார்த்துத்தான் தக்பீர் கட்டுவார்கள். என் கணவர் முன்னால் நிற்பார். தவறு எங்கள் ஊருடையது, பெண்ணுடையது அல்ல. லுஹரைச் சரியான பக்கம் பார்த்துத் திரும்பத் தொழுதேன், வெட்கப்படவில்லை.

ஹோர்ட்டன் சமவெளியில் மரைமான்கள் வேன் கண்ணாடிக்குக் கிட்ட வந்து மூக்கை வைத்தன. மதினி குளிருக்கு மூன்று சோடிக் காலுறை போட்டுக்கொண்டு அவற்றோடு குசலம் விசாரித்தார். மின்னேரியாக் குளத்தின் ஓரத்தில் யானைக் கூட்டம் புல் பிடுங்குவதைத் தள்ளி நின்று பார்த்தோம். ஐந்து நாள் வேனில் புதிதாக ஒரு கீறல் இல்லை. ஆறாம் நாள் பின்னேரம், அனுராதபுரத்திலிருந்து புத்தளம் வரும் வீதியில், காட்டோரமாக ஒரு தனியன் யானை ரோட்டுக்குக் குறுக்கே நின்றது.

ஹோன் அடிக்கவில்லை. மெல்லப் பின்னால் எடுத்தேன். அந்த நேரம் பார்த்து மதினியின் கையில் இருந்த என் போனில் நானா அழைத்தார். மதினி அலறிக்கொண்டு அதைக் கீழே போட, நான் திடுக்கிட்டு ஸ்டியரிங்கைத் திருப்ப, வேன் வீதியோரத்துக் கிலோமீட்டர்க் கல்லில் கரகரவென்று உரசி நின்றது. யானை எங்களை ஒரு தடவை பார்த்துவிட்டு, தன் பாட்டில் காட்டுக்குள் இறங்கிப் போனது. இறங்கிப் பார்த்தேன். பின்கதவுப் பக்கம் ஒரு முழ நீளக் கீறல். வீட்டுக்கு இரண்டு மணித்தியாலப் பயணம்தான் இருந்தது. எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

"யானை உரசினதெண்டு சொல்லுவம்," என்றார் மதினி.

நல்ல யோசனைதான், கொஞ்சத் தூரம் அதோடேயே ஓட்டினேன். பிறகு வேண்டாம் என்றேன். யானையின் பேரைச் சொல்லி வீட்டை வாங்கினால், அடுத்த கீறலுக்கு எந்த யானையைத் தேடுவது? நானாவுக்குத் திருப்பி அழைத்தபோது, எத்தாளைக்குப் போக வேண்டாம், நேரே மதுரங்குளிக்கு வரச் சொன்னார். பாலாவிச் சந்தியில் நேரே போனால் மதுரங்குளி. நான் வலது பக்கம் திருப்பினேன்.

பொழுதுபட்டு, மஹ்ரிபுக்குப் பிறகு வீட்டைத் திறந்தால், என் அறையில் கட்டில் இல்லை. அலுமாரி இல்லை. குசினியில் அடுப்பும் இல்லை. நான் மலையில் இருந்தபோது நானா ஆள் பிடித்து எல்லாவற்றையும் மதுரங்குளிக்கு ஏற்றியிருக்கிறார். கட்டில் நின்ற இடத்தில் சீமெந்துத் தரை வெளுத்துக் கிடந்தது. மதினி அவருடைய மகன் வீட்டுக்கு வரச் சொல்லிக் கெஞ்சினார். அவரை அங்கே விட்டுவிட்டுத் திரும்பி, வேனை என் வீட்டு வளவுக்குள் ஏற்றி, சோறு ஆக்கித் தின்று, பலகைக் கட்டிலில் படுத்தேன். அன்றைக்கு வந்த மாதிரி ஆத்திரம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை.

காலையில் நானா மோட்டார் சைக்கிளில் வந்தார். வேனை ஒரு சுற்றுச் சுற்றினார். பின்கதவடியில் நின்றார். விரலால் கீறலைத் தடவிவிட்டுக் கையை நீட்டினார்.

"சாவி."

"கீறினது நான்தான்," என்றேன். "யானையுமில்ல, வேறொருத்தருமில்ல. இந்தப் பக்கம் வந்து பாருங்க. இந்தக் கீறல் அவரு தம்புள்ளையில போட்டது. இது சிலாபத்துல. இது ஒங்கட கேட்டுலயே போட்டது. இருவது வருஷம். ஒரு நாளாச்சும் அவருக்கிட்ட சாவியக் கேட்டீங்களா நானா?"

நீட்டிய கையை இறக்கினார். அவர் வேனுக்குள் எட்டிப் பார்த்தார். கலைந்த படுக்கை, கழுவிக் கவிழ்த்த சட்டி, கொடியில் என் முக்காடு.

"ராவு இதுக்குள்ளயா படுத்த?"

"ஓம். என்ட கட்டில் வாற வரைக்கும் இதுக்குள்ளதான். இந்த வளவுலதான்."

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். மூன்று நாள் ஊர் வந்து வந்து பார்த்தது. பாவம் என்று சொன்னவர்களுக்கெல்லாம் வேனுக்குள் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஒரு லொறி வந்து நின்றது. கட்டிலின் தலைமாட்டுப் பக்கத்தை நானாவே தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். வேர்த்து ஒழுகியது. அறை நடுவில் நின்று, எங்கே வைப்பது என்று என்னிடம் கேட்டார்.