காதருக்கு ஒரு சுருட்டுப்பெட்டிக் கிட்டார்

போன ஞாயிற்றுக்கிழமை என் கைகளைப் பார்த்தவர்கள், நான் பூனையோடு சண்டை போட்டுத் தோற்றவன் என்றே நினைத்திருப்பார்கள். விரலெல்லாம் கீறல். பூனை இல்லை... சைக்கிள் பிரேக் கம்பி! அதன் முறுக்கைப் பிரித்து, இழை இழையாக உருவிக்கொண்டிருந்தேன்.

எதற்கு? காதருக்கு ஒரு கிட்டார் செய்ய.

காதர் என் சிநேகிதன்; நான் பத்திரிகைக்குக் கதை எழுதுவதால் என்னை 'எழுத்தாளரே' என்று கிண்டல் செய்வான். சிங்கப்பூரில் தேக்கா பக்கத்துக் கல்யாணங்களில் அவன் கிட்டார் கேட்காமல் மாப்பிள்ளைக்குச் சிரிப்பே வராது. ஆறு மாதத்துக்கு முன், துறைமுக வேலையில் இரும்புக் கயிறு இழுத்து, இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் போய்விட்டன. இடது கைதானே கம்பியை அழுத்துகிற கை? ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கிட்டாரை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டான்.

"ரேடியோவுல பாட்டு வந்தாலே இவங்க அணைச்சிடுறாங்க அண்ணே," என்றாள் அவன் மனைவி மரியம். "வீடு வீடாவே இல்ல."

மூன்றே கம்பி என்றால், மிச்சமுள்ள விரல்கள் சமாளிக்காதா?

ஆபீஸில் வெள்ளைக்காரத் துரை குப்பைக்கூடையில் போட்ட சுருட்டுப் பெட்டி வயிறாயிற்று. உடைந்த கட்டில் சட்டம், கழுத்து. பக்கத்து வீட்டுச் சீனர் கழித்துப் போட்ட மாஜோங் சூதாட்டக் காய் ஒன்று, கம்பிகளைத் தாங்கும் குதிரையாக உட்கார்ந்தது. மீட்டினேன். கொசு அழுவது போல ஒரு சத்தம் — ஆனாலும் சத்தம்!

என் வீடு இருக்கும் புக்கிட் மேராவிலிருந்து காதர் வீட்டுக்கு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். "எலிப்பொறியாண்ணே?" என்றார் பக்கத்து ஸீட்காரர்.

காதர் அதைத் தொடவே இல்லை.

"பாவம்னு பொம்மை செஞ்சு கொண்டாந்தியா? எடுத்துட்டுப் போ லா."

"சத்தமாவது கேளுடா," என்று மடியில் வைத்து மீட்டிக் காட்டினேன். அவன் முகம் சுருங்கியது.

"எழுத்தாளரே, அத ஏன்யா இடதுகைக்காரன் மாதிரி பிடிச்சிருக்க?"

"நீ இப்படித்தானே பிடிப்பே?"

"நான் எங்கடா இப்படிப் பிடிச்சேன்!"

அப்போதுதான் புரிந்தது. இருபது வருஷமாக எதிரே உட்கார்ந்து கேட்டவன் நான். அவன் கிட்டாரின் கழுத்து என் வலப்பக்கம்தான் நீண்டு தெரியும். நானும் என் வலப்பக்கமாகவே நீட்டிப் பிடித்து, தடிக் கம்பி மேலே வரும்படி கட்டிவிட்டேன். கண்ணாடியைப் பார்த்து வகிடு எடுத்த கதை!

"கம்பியெல்லாம் எடம் மாறிக் கெடக்கு. குடு இங்க," என்று பிடுங்கினான். "இத வாசிக்கணும்னா இப்படித் திருப்பி..."

திருப்பினான். நின்றுவிட்டான்.

கழுத்து அவன் வலது கைக்குள் இருந்தது — ஐந்து விரலும் முழுசாக உள்ள கை. இடது கையின் கட்டை விரல், தானாகவே கம்பி மேல் வந்து நின்றது. மீட்டுவதற்கு எத்தனை விரல் வேண்டும்?

டிங்.

சமையலறையிலிருந்து மரியம் கரண்டியோடு ஓடி வந்தாள். இன்னொரு டிங். அப்புறம் ஒன்று, அபஸ்வரமாக.

"வலது கைக்கு ஒண்ணுமே தெரியலடா," என்றான் காதர். "ஒண்ணாங் கிளாஸ்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

"ஆரம்பிங்க," என்றாள் மரியம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "லீவு மட்டும் கேட்டுறாதீங்க."

நல்லவேளை, கைதேர்ந்த யாரிடமும் நான் இதைச் செய்யக் கொடுக்கவில்லை... சரியாகச் செய்து கெடுத்திருப்பார்!