ஸ்ரீரங்கம் டு துவாக்குடி: மடியில் ஒரு முட்டைப் புரோட்டீன்

மே மாதத்துச் சனிக்கிழமை வெயிலில் திருச்சியில் யாராவது ஊர் சுற்றுவார்களா? நான் சுற்றினேன். ஸ்ரீரங்கத்திலிருந்து துவாக்குடிப் பக்கம் ஒரு கல்லூரிக்கு, ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர், ஒரு எவர்சில்வர் டப்பாவோடு. ஆராய்ச்சிச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

டப்பா என் அக்காவுடையது. புரோட்டீன் மருந்துகள் பெரும்பாலும் சூட்டில் கெட்டுவிடும். குளிரிலேயே வைக்க வேண்டும். பஸ் குறைவான பச்சைமலை ஊர்களுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஐஸ் தண்ணீராகிவிடும். ஒவ்வொரு புரோட்டீன் மூலக்கூறுக்கும் செயற்கை பாலிமரால் ஒரு ஸ்வெட்டர் மாட்டிவிட்டால் தாங்குமா என்பதுதான் அவள் ஆராய்ச்சி. தலைமுடியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மெல்லிய ஸ்வெட்டர். வெயிலுக்கு யாராவது ஸ்வெட்டர் போடுவார்களா என்று கேட்டேன், முறைத்தாள். சோதனைக்கு அவள் எடுத்துக்கொண்டது மலிவான முட்டைப் புரோட்டீன். வெள்ளைக்கருதான் ஆராய்ச்சிக்கே கரு.

எங்கள் வீட்டுக்குள் முட்டை வருவது என் கணக்குப் பரீட்சைத் தாளில் மட்டும்தான். தன் லேபில் கரண்ட் இல்லையென்று அக்கா டப்பாவை முதல்நாள் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தாள். காலையில் பால் எடுக்கப் போன அம்மா, மேலே 'முட்டைப் புரோட்டீன்' என்று ஒட்டியிருந்ததைப் படித்துவிட்டாள். பதினொரு மணிக்கு நாங்கள் தேடிக் கண்டுபிடித்தபோது டப்பா மொட்டைமாடித் தகரத்தின்மேல் கொதித்துக்கொண்டிருந்தது.

"பெருமாள் இருக்கிற ஆத்துல முட்டையை வெச்சுண்டு என்னடி படிப்பு?"

அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு மணிக்கு அந்தக் கல்லூரி மெஷினில் நேரம் வாங்கியிருந்தாள். இந்த முறையும் சரிவராவிட்டால் தலைப்பை மாற்றிக்கொள் என்று அவளுடைய கைடு சொல்லியிருந்தார். புதிதாகச் செய்ய ஒரு வாரம் ஆகும். இருப்பதை எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

முதலில் சத்திரம் பஸ் ஸ்டாண்ட், அங்கிருந்து துவாக்குடி பஸ். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம்; ஆகவே விஞ்ஞானிக்கு ஓசி, உதவியாளனுக்கு டிக்கெட். டப்பாவில் என்ன என்று கண்டக்டர் கேட்டார். மாடியில் காய்ந்த முட்டை என்றேன்.

"அப்ப அவிஞ்சே போயிருக்கும் தம்பி. மிளகுத்தூள் வெச்சிருக்கீங்களா?"

பின்சீட்டு முழுக்கச் சிரித்தது. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதன்பிறகு நான் வாயைத் திறக்கவில்லை; என் வரலாற்றில் இது பெரிய செய்தி.

கல்லூரி லேபில் அக்கா டப்பாவைத் திறந்தாள். உள்ளே இரண்டு குழாய்கள். ஸ்வெட்டர் போடாதது நீர்மோர் மாதிரி கலங்கி, அடியில் திரிதிரியாக நின்றது. கண்டக்டர் சொன்னது சரி. ஸ்வெட்டர் போட்டது மட்டும் தண்ணீராகத் தெளிந்திருந்தது. மெஷின் லேசர் பாய்ச்சித் துகள்களின் அளவைக் காட்டியது. சூடேறுவதற்கு முன்பிருந்த அதே அளவுதான், ஒட்டித் திரளவில்லை. அக்கா நம்பாமல் இன்னொரு தடவை அளந்தாள். அப்புறம் என் தலையில் ஒரு குட்டு வைத்தாள், சந்தோஷத்தில்.

கைடு போனில் அலட்டிக்கொள்ளவில்லை. தற்செயலாக நடந்ததை வைத்து எதுவும் சொல்ல முடியாது, தெர்மாமீட்டரோடு மறுபடி செய் என்றாராம். ஆனால் தலைப்பை மாற்றச் சொல்லவில்லை. முட்டை தாங்கியதால் மருந்தும் தாங்கும் என்றில்லை, ஒவ்வொன்றுக்கும் வேறு ஸ்வெட்டர் பின்ன வேண்டும் என்று அக்காவே சொல்கிறாள். சொல்லும்போது சிரிக்கிறாள்.

போகிறவர்களுக்கு: சத்திரத்தில் உட்கார இடமுள்ள பஸ்ஸுக்காகக் காத்திருங்கள், டப்பா மடியிலேயே இருக்கட்டும், இரண்டரை மணி நேரம் கையில் வைத்துக் கிளம்புங்கள். வீட்டு ஃபிரிட்ஜ் என்றால் முதலில் வீட்டில் பேசிவிடுங்கள்.

கல்லூரி வாசலிலிருந்தே அக்கா அம்மாவுக்குப் போன் போட்டு, அடுத்த வாரமும் மொட்டைமாடி வேண்டும் என்றாள். ஸ்பீக்கரில் அம்மா குரல் கேட்டது.

"அடுத்த வாரம் வடாம் போடறேன். அதும்மேல படாம ஓரமா வெச்சுக்கோ."